அறுநூற்று நாற்பது கிராம்

விவாகரத்தில் தடித்த பை அவனுக்குப் போயிற்று.
எனக்கு இது.
அறுநூற்று நாற்பது கிராம்,
ஒரு கறுப்பு ரொட்டியின் எடை,
சுருட்டினால் கக்கத்தில் அடங்கும்.
உள்ளே தைத்த துண்டுத் துணியில்
பூஜ்ஜியம் டிகிரி வரை என்றிருக்கிறது.
அச்சிட்டவர் எந்த ஊரில் படுத்துப் பார்த்தாரோ.

அவன் போன பிறகு இர்மெலிக்குக்
குளிர் விட்டுப்போச்சு என்று
தபால் நிலையத்தில் பேச்சு.
இனாரி ஏரிக்கரையில், பிப்ரவரியில்,
கூடாரத்தின் முளையைப் பனியில் புதைத்தபடி
அதை நினைத்துச் சிரித்தேன்.
பல் தந்தியடித்ததில்
சிரிப்பு விட்டு விட்டு வந்தது.

கூட வந்தவள் துவோவி, அவன் தங்கை,
எனக்கு நாத்தனாராக இருந்தவள்.
இப்போது என்ன முறை என்று
இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.
அவளுடைய வெப்பமானி மைனஸ் பதினேழு காட்டிற்று.
பிறகு பேட்டரி செத்து
எதையும் காட்டவில்லை.
அதுவே மேல் என்றாள்.

குளிர் கீழேயிருந்துதான் ஏறும் என்று
கைக்குக் கிடைத்ததையெல்லாம் என் அடியில் திணித்தாள்:
நுரைப்பாய், காலி முதுகுப்பை, கயிற்றுச் சுருணை,
கடைசியில்
காரிலிருந்து உருவி வந்த ரப்பர் மிதியடி.
போன கோடையின் மணல்
அதில் இன்னும் ஒட்டியிருந்தது.

படுக்குமுன்
ரொட்டியில்லாமல் வெண்ணெய் மட்டும் ஊட்டினாள்.
தின்னு. உள்ளே அடுப்பு எரியணும்.
பை சூடு தராது,
நீ கொடுத்ததை வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

உன் அண்ணன் மாதிரியா?

அவன் வைத்துக்கொள்ளவுமில்லையே என்றாள்,
விரலை நக்கிக்கொண்டு.

பைக்குள் ஒரே கூட்டம்.
கம்பளிக் காலுறை மாட்டிய வெந்நீர்ப் புட்டி தொடையிடுக்கில்,
எரிவாயுக் குப்பி இடுப்போரம்,
நாளைக்கான காலுறைகள் வயிற்றின் மேல்,
பூட்ஸின் ஈர உறைகள்
காலடியில், தங்கள் நாற்றத்தோடு.
பதினாறு வருட மணவாழ்வில்
இத்தனை நெருக்கம் கண்டதில்லை.

சுருக்கை இழுத்து
மூக்கை மட்டும் வெளியே விட்டேன்.
மூச்சு உள்ளே போனால் இறகு நனையும்,
நனைந்த இறகு வெறும் துணி.
என் மூச்சு பட்ட விளிம்பில்
உப்புப் பூத்ததுபோல் உறைபனி.

இரண்டு மணிக்கு வந்தது, வரக் கூடாதது.
அடக்கினேன். அடக்குவதற்கும் உடம்பு
சூடு செலவழிக்குமென்று
எங்கோ கேட்ட ஞாபகம்.
உண்மையோ பொய்யோ,
அரைமணி நேரம் வாதாடித் தோற்று
வெளியே போய்க் குந்தினேன்.
வானத்தில் பச்சை ஒளி எதுவும் ஆடவில்லை.
மேகம். கீழே ஏரியின் பனிக்கட்டி
ஒருமுறை உறுமிற்று.

திரும்பி வந்தால் ஜிப் பாதியில் கடித்துக்கொண்டது.
அவனாயிருந்தால் மெழுகு தேய்த்திருப்பான்;
அதைச் சொல்லத்தான் வேண்டும்.
நான் பல்லால் இழுத்தேன்.
மல்லாந்தபடியே எழுந்தெழுந்து படுத்தேன், இருபது தடவை,
கூட்டை விட்டு வரப் பிடிக்காத புழுமாதிரி.
இடுப்பு வரை சூடு வந்தது.
அதற்குக் கீழே
வேறு யாருடையவோ கால்கள்.

இருட்டிலிருந்து துவோவி:
உயிரோடு இருக்கிறாயா?

கால்விரல் ஏழு இருக்கிறது.

மீதி மூன்று?

தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவள் பையின் ஜிப் திறக்கும் ஓசை, நீளமாக.
இங்கே நீட்டு என்றாள்.
என் பாதங்களை இழுத்துச் சட்டைக்குள்,
வெறும் வயிற்றில் வைத்து,
இரண்டு கெட்ட வார்த்தை சொல்லி,
அப்படியே பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.
குறட்டை என் குதிகாலில் அதிர்ந்தது.
எட்டு. ஒன்பது.
பத்தாவது விடியும்போதுதான் வலித்தது.
நன்றாக வலித்தது.

தொடையிடுக்கில் கிடந்த தண்ணீர்
வெதுவெதுப்பாகவே இருந்தது.
பனி உருக்க நேரமெடுக்கும் என்று
அதிலேயே காபி வைத்தோம்.

காரில் திரும்பும்போது கேட்டாள்,
பெரிய பை அவன் பரணில் சும்மாதானே கிடக்கிறது,
கேட்டு வாங்கட்டுமா?

வேண்டாம் என்றேன்.
இந்த மிதியடியைக் கொடு.